இருபது பேர் எழுதும் தேர்வு: சென்னிமலை வட்டாரத்துச் சிறு உயர்நிலைப் பள்ளிகள்

2024, 2025 ஆண்டுகளின் பொதுத்தேர்வு முடிவுகளை மாவட்டவாரியாக எடுத்து, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். 2024 பிளஸ் டூ தேர்ச்சியில் திருப்பூர் 97.45 சதவீதத்துடன் முதலிடம் பெற்றது. ஈரோடும் சிவகங்கையும் 97.42 பெற்று அடுத்து நின்றன. கோவையும் முதல் ஐந்துக்குள் வந்தது. 2025இல் அரியலூர் முந்திக்கொண்டது. அடுத்த மூன்று இடங்களை ஈரோடு, திருப்பூர், கோவை வரிசையாகப் பிடித்தன. பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு வந்தால் இந்த இரண்டு ஆண்டுகளிலும் முதல் ஐந்து இடங்களில் கொங்கு மாவட்டம் ஒன்றுகூடக் கிடையாது. 2024இல் அரியலூர், சிவகங்கை, ராமநாதபுரம், கன்னியாகுமரி, திருச்சி. 2025இல் சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி.

பத்தில் முன்வரிசையில் இல்லாத வட்டாரம் பன்னிரண்டில் எப்படி முன்னுக்கு வருகிறது? விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் ஒரு காரணம். ஈரோடு, நாமக்கல் பக்கம் அவை பெருந்தொழிலாகவே வளர்ந்தவை. மாநிலம் முழுவதிலுமிருந்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பிளஸ் ஒன்னுக்கு இழுத்துக்கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு காரணம். பத்து முடித்த கையோடு பிள்ளைகளைச் சலித்தெடுப்பது நடக்கிறது. தடுமாறும் பிள்ளைகள் பிளஸ் டூ அறைக்குள் வருவதே இல்லை. வராதவர்களைத் தேர்ச்சி சதவீதம் எண்ணுவதும் இல்லை. வேலை எளிதில் கிடைக்கும் ஊரில் அந்தச் சலித்தெடுப்பு இன்னும் கறாராக நடக்கும் என்பது என் ஊகம். மாவட்டப் பட்டியல்களால் மட்டும் அதை நிறுவிவிட முடியாது. பள்ளியளவில் பார்த்தால்தான் பிடிபடும், அதிலும் பத்தோடு முடிந்துவிடும் சிறிய கிராமத்துப் பள்ளியளவில்.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் இருக்கிறது சென்னிமலை. மலைமேல் முருகன், அடிவாரத்தில் தறிகள். பெட்ஷீட் என்றாலே இந்த ஊர்ப் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கைத்தறியும், சென்டெக்ஸ் போன்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தழைத்த பேரூர். ஒன்றியத்தின் ஒரு பக்கம் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல். இன்னொரு பக்கம் நொய்யல் வரைக்கும் மானாவாரி மேட்டாங்காடு. ஈங்கூரைத் தாண்டினால் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டை. மேற்கே ஊத்துக்குளி வழியாகத் திருப்பூர். முருங்கத்தொழுவு, பசுவபட்டி, எக்கட்டாம்பாளையம், புஞ்சைபாலத்தொழுவு என்று சிதறிக் கிடக்கும் ஊராட்சிகளிலிருந்து சென்னிமலைக்கு டவுன் பஸ் உண்டு. நேரத்துக்கு வருமா என்பது வேறு விஷயம்.

இத்தகைய வட்டாரத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், ஒரு தலைமையாசிரியர், இருந்தால் ஓர் உடற்கல்வி ஆசிரியர். பெரும்பாலும் நடுநிலைப் பள்ளியாக இருந்து, ஊர்க்காரர்கள் மனு கொடுத்து, பங்குத்தொகை கட்டித் தரம் உயர்ந்தவை இவை. பத்தாம் வகுப்பில் இருபது பேர், முப்பது பேர். சில வருடம் பதினைந்துகூட.

இங்கே கணக்கே வேறுமாதிரி வேலை செய்கிறது. ஒரு பள்ளியில் 22 பேர் தேர்வு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாரும் தேறினால் 100. ஒருவர் தவறினால் 95.5. இருவர் தவறினால் 90.9. ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால், ஒரு வீட்டில் அப்பா இறந்துபோனால், பள்ளியின் 'தரம்' நாலரைப் புள்ளி இறங்குகிறது. 300 பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் அதே இருவர் தவறினால் 99.3, யாரும் கவனிக்க மாட்டார்கள். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். மதிப்பெண் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறித் தென்பட்டன. அதே பட்டியலின் அடிமட்டத்திலும் அவைதான் அளவுக்கு மீறிக் கிடந்தன. சிறிய எண்ணிக்கை ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஆடும் என்பதைத் தவிர அதில் வேறு மர்மம் இல்லை. ஆனால் உச்சியை மட்டும் பார்த்துவிட்டு, 'சிறிய பள்ளியே சிறந்த பள்ளி' என்று நம்பி, கேட்ஸ் அறக்கட்டளை நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்துப் பெரிய பள்ளிகளை உடைத்துப் பார்த்தது, பிறகு கைவிட்டது. நம் ஊரில் இந்தத் தவறு தலைகீழாக நடக்கிறது. ஒரு வருடம் சறுக்கிய சிறு பள்ளியின் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்கிறார். அடுத்த வருடம் அதே பள்ளி நூறு சதவீதம் எடுத்து, அதே தலைமையாசிரியர் சால்வை வாங்குகிறார். இரண்டு வருடத்திலும் அந்தப் பள்ளியில் பாடம் நடந்த விதம் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

எண் பொருளற்றது என்றாலும் அது தரும் நெருக்கடி உண்மையானது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியல் தயாராகிவிடும். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமையும் உண்டு. இவர்களுக்கு முழுப் புத்தகம் கிடையாது; 'மினிமம் மெட்டீரியல்'தான். கணிதத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண்ணுக்குப் பத்து, ஐந்து மதிப்பெண்ணுக்குப் பத்து, எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு. அந்த எட்டு மதிப்பெண் வினாக்கள் செய்முறை வடிவியலும் வரைபடமும். ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதில் 16 வந்துவிடும். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட்டால் இன்னொரு எட்டோ பத்தோ. ஐந்தாறு இரண்டு மதிப்பெண் கணக்குகளைக் கரைத்துக் குடித்துவிட்டால் 35ஐத் தாண்டியாயிற்று. அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் 75க்கு 20 எடுத்தால் போதும். இந்த வித்தையில் நம் ஆசிரியர்கள் கைதேர்ந்தவர்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. வகுத்தல் தெரியாத பிள்ளையை நாலு மாதத்தில் கணிதத்தில் தேறவைப்பது சாதாரணக் காரியமில்லை. ஆனால் தேறிய பிறகும் அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியாது.

2024 பத்தாம் வகுப்பில் பாடவாரித் தேர்ச்சியைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். தமிழில் தேறியவர்கள் 96.85 சதவீதம், ஆங்கிலத்தில் 99.15. சென்னிமலைச் சந்தையில் நின்று கேட்டால் எவரும் சிரித்துவிடுவார்கள். தாய்மொழியைவிட ஆங்கிலம் நன்றாக வருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வினாத்தாள் எப்படி அமைகிறது, எந்தெந்த வினாவை விட்டுவிட்டாலும் கரையேறலாம் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட, எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் தேர்ச்சி சதவீதம். 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50,000 பேர் வராமல் போனது மாநிலமே அதிர்ந்த செய்தி. கொரோனாக் காலத்தில் தேர்வில்லாமல் பத்து தாண்டி வந்தவர்கள் அவர்களில் ஏராளம். தேர்ச்சிக் கணக்கில் அவர்களுக்கு இடமே கிடையாது. எட்டு வரைக்கும் தேக்கம் இல்லை என்பதால் சிறு பள்ளிகளில் கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. 'அடுத்த வருசம் தனித்தேர்வரா எழுதிக்கலாம்' என்ற ஆலோசனையைக் கேட்டுவிட்டு வெளியேறிய பிள்ளைகளைப் பற்றித் தமிழ்நாட்டின் எந்த ஆசிரியர் அறையிலும் கதை கிடைக்கும். இருபது பேர் உள்ள வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை போனால் பள்ளிக்கு லாபம் ஐந்து புள்ளி. முறையே இந்த ஆசையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பத்தாம் வகுப்பில் வெடிப்பது பத்தாம் வகுப்பில் தொடங்கியதல்ல. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறது என்பதை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஜூன் மாதமே கண்டுகொள்வார்கள். 2022இல் ஏசர் (ASER) கற்றல் ஆய்வு தமிழ்நாட்டுக் கிராமங்களில் எடுத்த கணக்கின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100க்கு ஐந்து பேர்கூட இல்லை. ஐந்தாம் வகுப்பிலேயே கால்வாசிப் பேர்தான். பிறகு நிலைமை தேறியது. ஏசரின் முறையை மாநில அரசு ஒப்புக்கொள்வதும் இல்லை. 2025 பிப்ரவரியில் தானே ஓர் அடைவு ஆய்வை நடத்தியது. எண்களைப் பற்றிச் சண்டை போடலாம். ஆனால் 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளைகள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டார்கள். 2030 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போவது அவர்கள்தான். 1 முதல் 3 வரைக்கும் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அவர்களை மூன்றாம் வகுப்பில்தான் எட்டியது. 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியவர்களுக்கு அரசு 'திறன்' என்ற திட்டத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். நல்ல திட்டம். யார் நடத்துவது என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் சிறு பள்ளியில் ஒரே கணித ஆசிரியர் ஐந்து வகுப்புக்கும் ஐந்து புத்தகம் நடத்துகிறார். ஆங்கில வழிப் பிரிவும் இருந்துவிட்டால் பல இடங்களில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். ஒரு கணக்கையே இரண்டு மொழியில் சொல்லவேண்டும். அவருக்கு மகப்பேறு விடுப்போ, கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதலோ கிடைத்துவிட்டால் அந்தப் பள்ளியில் கணிதம் என்ற பாடமே நின்றுபோகும். பெரிய பள்ளியில் நாலு பேரில் ஒருவர் போனால் மூன்று பேர் பகிர்ந்துகொள்வார்கள். இங்கே நாலில் ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிவியல் ஆசிரியர் கணக்குச் சொல்லித்தருவார், அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் கைக்காசு போட்டு ஊரில் பி.எஸ்சி. முடித்த ஒரு பெண்ணை வைக்கும். 2022இல் அரசு 13,331 தற்காலிக ஆசிரியர் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்பச் சொன்னபோது பட்டதாரி ஆசிரியருக்கு நிர்ணயித்த தொகை மாதம் 10,000 ரூபாய். பிறகு 15,000 ஆனது. சிப்காட் வாசலில் அதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும் வட்டாரம் இது. நிரந்தர நியமனத்துக்கான போட்டித் தேர்வு நீண்ட இடைவெளி விட்டு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது.

ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. எண்ணிக்கை குறைந்தால் 'உபரி' என்று ஒருவர் பணிநிரவலில் போய்விடுவார். எண்ணிக்கையோ ஊட்டுப் பள்ளிகளில், அதாவது சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் தீர்மானமாகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.க்கே தனியார் பள்ளி வேன் ஏறிய பிள்ளை ஆறாம் வகுப்பில் இந்தப் பக்கம் திரும்பாது. கொங்குக் கிராமங்களில் மஞ்சள் வேன் நுழையாத சந்து இப்போது கிடையாது. அரசுப் பள்ளிக்கு மிஞ்சுவோரில் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள், நெசவாளர் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் கணிசம். கடைசியாகச் சொன்னவர்களுக்குத் தமிழ் இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோதான். அவர்களில் சிலர் ஒரே வருடத்தில் கொங்குத் தமிழ் பேசிவிடுகிறார்கள்; எழுத்துத்தான் பின்தங்குகிறது.

நெசவாளர் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1904 அக்டோபர் 4இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி, வறுமையால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்தவர். பிறகு வேலை தேடித் திருப்பூருக்குப் போனார். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு இறந்து திருப்பூர் குமரன் ஆனார். அவர் இறந்த கதையைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். படிப்பை விட்ட கதையை யாரும் படிப்பதில்லை. படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னிமலையிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகும் வழி நூறாண்டுப் பழசு.

தறி வீட்டில் பிள்ளை வேலை என்று ஒன்று எப்போதும் இருந்தது: தார் சுற்றுவது, அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பது, பாவு ஓட்டும்போது கூடமாட நிற்பது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. சட்டத்தைப் பற்றிய விவாதம் டெல்லியில் சூடாக நடந்தபோது சென்னிமலையில் கைத்தறியே ஒடுங்கிக்கொண்டிருந்தது. பெட்ஷீட் உள்ளிட்ட ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் விசைத்தறி உள்ளே புகுந்துவிட்டது. நூல் விலை ஏற, கூலி நின்ற இடத்தில் நின்றது. அதனால் இன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தறி இழுப்பதில்லை. அதன் அம்மா இன்னும் தறியில் இருக்கலாம். அக்கா காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் ஏறுகிறாள். சனிக்கிழமை கையில் சம்பளம். அதே வீட்டில் உட்கார்ந்து பித்தாகரஸ் தேற்றம் படிக்கும் தங்கைக்கு அந்தச் சம்பளத்தின் கனம் நன்றாகவே தெரியும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் இளம்பெண்களை மூன்று வருடம் விடுதியில் வைத்து வேலை வாங்கிய காலத்தை அம்மாக்கள் மறக்கவில்லை. அந்தப் பெயர் இன்று ஒழிந்தாலும் 'பத்துப் படிச்சாப் போதுமுங்க' என்ற பேச்சு ஒழியவில்லை.

பஞ்சம் பிழைக்கப் போகிறவர்கள் படிப்பை விடுகிறார்கள் என்பது நமக்குப் பழகிய கதை. இங்கே வேலை தாராளமாகக் கிடைப்பதே படிப்பை விடக் காரணம். சிவகங்கையிலோ ராமநாதபுரத்திலோ பத்துத் தேறாத பையனுக்கு ஊரில் செய்ய ஒன்றுமில்லை. எப்படியாவது தேறித்தான் ஆகவேண்டும். இங்கே தேறாவிட்டாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். தேறினாலும் போகலாம்.

உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிந்துவிடுவது இந்த இடத்தில்தான் வினையாகிறது. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பதினொன்று என்பது அடுத்த கட்டடம். கிராமத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அது புதுப் பள்ளி, டி.சி., பஸ், முன்பின் தெரியாத ஆசிரியர்கள், எந்த குரூப் எடுப்பது என்ற குழப்பம். மே மாதம் முடிவு வந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சில வாரங்கள். 'லீவுல சும்மாதானே இருக்கே' என்று வேலைக்குப் போன பிள்ளை அந்த வாரங்களில் முதல் சம்பளத்தை வாங்கிவிடும்.

அரசு தரும் ஊக்கங்களை இந்த இடைவெளியோடு பொருத்திப் பாருங்கள். விலையில்லா சைக்கிள் பதினொன்றில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், 2024இல் ஆண் பிள்ளைகளுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் தொகையும் கல்லூரியில் சேர்ந்த பின்பு. மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பிளஸ் டூவுக்கு அப்பால். எல்லாமே பள்ளத்தின் அக்கரையில் நிற்கின்றன. இக்கரையில் இருப்பது, இடைநிற்றலைத் தடுக்கப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றுக்கும் சேர்த்து வங்கியில் போடும் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை. பனியன் கம்பெனியில் ஒரு மாதத்தில் வருவதைவிட அது குறைவு.

பதினொன்றுக்குப் போகாத எல்லாரையும் இடைநின்றவர் பட்டியலில் சேர்ப்பதும் தவறு. ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே சிப்காட் இருக்கும்போது ஃபிட்டர் படித்த பையன், ஏதோ ஒரு பட்டம் வாங்கியவனைவிட நன்றாகவே வாழ்வான். ஆகவே எண்ண வேண்டியது வேறு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த 25 பேரில் எத்தனை பேர் ஐந்தாண்டு கழித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் உட்கார்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் செப்டம்பர் மாதம் ஏதாவது ஒரு வகுப்பறையில், பதினொன்றோ ஐ.டி.ஐ.யோ, இருக்கிறார்கள்? இதுவும் சிறிய எண்ணிக்கைதான், இதுவும் ஆடும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆட்டம் கொஞ்சம் அடங்கும். நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பலகை மாட்டிய பள்ளி இந்தக் கணக்கில் அறுபதில் நிற்கக்கூடும். 90.9 எடுத்துத் திட்டு வாங்கிய பள்ளி எண்பதில் நிற்கக்கூடும்.

இதற்குப் புதிதாக ஒரு கணக்கெடுப்புத் தேவையில்லை. கல்வித்துறையின் தகவல் மேலாண்மை முறையான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. பள்ளியை விட்டுப் போனவர் வேறெங்கும் சேரும்வரை 'காமன் பூல்' என்ற பட்டியலில் கிடப்பார். ஜூலைக் கடைசியில் அந்தப் பட்டியலை எடுத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் சொல்லி வாசித்தால், யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். சிக்கல், பத்து முடித்த பிள்ளை யாருடைய பொறுப்பு என்பதில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி டி.சி. கொடுத்துவிட்டது, மேல்நிலைப் பள்ளி இன்னும் சேர்க்கவில்லை. வீடு தேடிப் போய்ப் பேசக்கூடியவர் பெரும்பாலும் அந்தப் பழைய பள்ளியின் ஆசிரியர்தான், பிள்ளையை ஐந்து வருடம் பார்த்தவர் அவர். அவருக்கோ ஜூலையில் புது ஆறாம் வகுப்பு வந்துவிட்டது, 'திறன்' வகுப்பு வந்துவிட்டது, எமிஸ் பதிவும் அவர் தலையில்தான். இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு கூடுதல் பணியிடம், இந்த வேலைக்கென்றே, கொடுக்கலாம். பக்கத்துப் பள்ளிகள் ஆளையும் ஆய்வகத்தையும் பகிர்ந்துகொள்ளும் பள்ளி வளாகம் என்ற யோசனையைக் கோத்தாரிக் குழு 1966லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் வகுக்கும் விதிமுறையில், பள்ளியை விட்டுப் போய்விட்ட பிள்ளையைத் தேடுவதற்கு ஆள் போட இப்போதைக்கு இடமில்லை.